நிற்கும் வாகனங்களும் முடிந்துபோன வரிப்பத்திரங்களும்

வடக்கில் எந்தக் கிராமத்துக்குள் போனாலும் ஓடாமல் நிற்கிற வாகனம் ஒன்றையாவது காணலாம். மாமரத்தடியில் தறப்பாளால் மூடிய மொறிஸ் மைனர், கோடிப்புறத்தில் சில்லுகள் கழற்றிக் கல்லில் ஏற்றிவிடப்பட்ட வான், ஆடு கட்டும் இடமாகிவிட்ட லொறிப் பெட்டி. சிலவற்றின் சொந்தக்காரர் கனடாவில் இருக்கிறார். சிலவற்றின் சொந்தக்காரர் உயிரோடு இல்லை. இன்னும் சிலவற்றின் சொந்தக்காரர் இருக்கிறாரா இல்லையா என்பதே எவருக்கும் தெரியாது. முன்கண்ணாடியில் ஒட்டியிருக்கும் வரிப்பத்திரம் எப்போதோ காலாவதியாகிவிட்டது என்பது மட்டும் எல்லாவற்றுக்கும் பொது.

கடந்த சில வருடங்களாக இந்த வாகனங்களைப் பற்றி என்னிடம் விசாரிப்பவர்கள் கூடியிருக்கிறார்கள். காரணம் விலை. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட தனியார் வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் அனுமதிக்கப்பட்டது. இடைப்பட்ட ஐந்து வருடத்தில் புதிய வாகனம் வரவில்லை. இருந்தவற்றின் விலை ஏறிக்கொண்டே போனது. தறப்பாளுக்குக் கீழே இரும்பாகக் கிடந்தது திடீரென்று சொத்தாகிவிட்டது. விற்கலாம், அல்லது திருத்தி ஓடலாம் என்று வாகனப் புத்தகத்தைத் தேடி எடுக்கிறவர்கள் முதலில் முட்டிக்கொள்ளும் இடம் இந்த வரிதான். ஓடாத வாகனத்துக்கு ஏன் வரி கட்டவேண்டும், கட்டாமல் விட்ட வருடங்களுக்கு என்ன நடக்கும், வாகனமே இல்லாமல் போயிருந்தால் என்ன செய்வது என்ற மூன்று கேள்விகளையும் வைத்துக்கொண்டு, நானே அலைந்து அறிந்தவற்றையும் மற்றவர்களோடு கூடப் போய்க் கண்டவற்றையும் இங்கே எழுதுகிறேன்.

நாங்கள் வரிப்பத்திரம் என்று சொல்வதன் உத்தியோகபூர்வப் பெயர் வாகன வருமான அனுமதிப்பத்திரம். 1951 ஆம் ஆண்டின் 14 ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டம்தான் இதற்கு அடிப்படை. பலமுறை திருத்தப்பட்டாலும் இன்றுவரை நடைமுறையில் இருப்பது அதே சட்டம்தான். இதில் பலர் கவனிக்காத சொல் ஒன்று உண்டு. செல்லுபடியாகும் அனுமதிப்பத்திரம் இல்லாமல் வாகனத்தைப் 'பாவிப்பது' மட்டுமல்ல, 'வைத்திருப்பதும்' கூடாது என்றுதான் சட்டம் பேசுகிறது. ஆகவே 'றோட்டுக்கு எடுத்தால்தானே வரி' என்ற எங்கள் ஊர்க் கணக்கு சட்டத்தின் கணக்கு அல்ல. உங்கள் வளவுக்குள் வந்து மாமரத்தடியில் நிற்கும் காரின் கண்ணாடியை எந்தப் பொலிஸ்காரரும் பார்க்கப்போவதில்லை என்பது உண்மைதான். ஆனால் அந்தக் காரை விற்கவோ, பெயர் மாற்றவோ, மீண்டும் ஓட்டவோ நினைக்கும் நாளில் கணக்கு வெளியே வரும்.

அதே சட்டம் ஒரு வாசலையும் திறந்து வைத்திருக்கிறது. வாகனத்தைக் குறிப்பிட்ட காலத்துக்குப் பாவிக்கப் போவதில்லை என்று, அனுமதிப்பத்திரம் வழங்கும் அதிகாரிக்கு முன்கூட்டியே எழுத்தில் அறிவிக்கலாம். பாவனையின்மை அறிவித்தல் என்று இதைச் சொல்லலாம். கவுண்டர்களில் 'நொன் யூசர்' என்றால்தான் சட்டென்று விளங்கிக்கொள்கிறார்கள். நான் கதைத்தவர்களில் இதைக் கேள்விப்பட்டிருந்தவர்கள் மிகக் குறைவு. கேள்விப்பட்டவர்களிலும் கொடுத்தவர்கள் ஒன்றிரண்டு பேர்தான். கொழும்பில் வாகனத் தொழிலில் இருப்பவர்களுக்கு இது தண்ணீர்பட்ட பாடு. எங்கள் பக்கத்தில் ஏன் பரவவில்லை என்றால், வாகனங்கள் நின்றுபோன விதம் அப்படி. ஷெல் விழுகிற நாளில் 'நாளை முதல் இதைப் பாவிக்க மாட்டேன்' என்று பிரதேச செயலகத்துக்குக் கடிதம் எழுதிவிட்டு எவரும் இடம்பெயர்வதில்லை.

இந்த வரி கொழும்புக்குப் போகிறது என்று நினைப்பவர்களும் இருக்கிறார்கள். 1987 இன் 13 ஆவது திருத்தத்தோடு வாகன அனுமதிப்பத்திரக் கட்டணம் மாகாண சபைகளின் வருமானமாகிவிட்டது. வடக்கில் எடுத்தால் அது வடக்கு மாகாணத்தின் கணக்கில் சேரும். கட்டணமும் மாகாணத்துக்கு மாகாணம் வேறுபடலாம். வாகனத்தின் வகை, எரிபொருள், நிறை ஆகியவற்றைப் பொறுத்துத் தொகை மாறும். டீசல் வாகனத்துக்குப் பெற்றோல் வாகனத்தைவிடக் கூட. மோட்டார் சைக்கிளுக்கும் உழவு இயந்திரத்துக்கும் ஒப்பீட்டளவில் குறைவு. வாகனத்தைப் பதிவு செய்வதும் பெயர் மாற்றுவதும் பதிவை நீக்குவதும் மத்திய அரசின் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தின் வேலை. அதன் தலைமையகம் கொழும்பு நாரஹேன்பிட்டியில். ஆக, வரி ஓரிடம், புத்தகம் இன்னோரிடம். இந்தப் பிரிவு விளங்காமல் அங்கும் இங்கும் அலைந்து பஸ் காசைச் செலவழித்தவர்கள் பலர்.

இலக்கத்தகடும் கடதாசியும் எங்களுக்கு வெறும் நிர்வாக விடயமாக ஒருநாளும் இருந்ததில்லை என்பதையும் இடையில் சொல்லிவிடுகிறேன். 1957 முதல் புதிதாகப் பதிவாகும் வாகனங்களின் தகட்டில் சிங்கள ‘ஸ்ரீ’ எழுத்து வந்தது. அதற்கு எதிராகத் தமிழரசுக் கட்சி நடத்திய போராட்டமும், 1958 இல் பண்டா - செல்வா ஒப்பந்தம் கிழிக்கப்பட்டதும், அந்த வருடம் மே மாதத்தில் வெடித்த வன்முறையும் ஒன்றோடொன்று பிணைந்த கதைகள். ஆங்கில எழுத்துத் தகட்டோடு இன்னும் நிற்கும் பழைய ஒஸ்ரின்களும் மொறிஸ்களும் அதற்கு முந்திய காலத்தவை. 1990 இல் பொருளாதாரத் தடை வந்து பெற்றோல் இல்லாமல் போனபோது, சூப்பிப் போத்தலில் கொஞ்சம் பெற்றோல் விட்டு இயக்கி, பிறகு மண்ணெண்ணெயில் ஓடியவையும் இவைதான். புதிய ஜப்பான் வாகனங்களின் இயந்திரங்கள் மண்ணெண்ணெயைத் தாங்கவில்லை. கிழவிகள் தாங்கின.

மாமாவின் கார்

என் அம்மாவின் தம்பி 2012 இல் கனடா போகும்போது தன்னுடைய நிஸான் சனி காரைக் கோப்பாயில் எங்கள் வீட்டில் விட்டுவிட்டுப் போனார். முதல் இரண்டு வருடம் அப்பா இடைக்கிடை ஓட்டினார். அப்பாவுக்குக் கண் பார்வை குறைந்த பிறகு அது நின்றுவிட்டது. மூன்று வருடங்களுக்கு முன் மாமா தொலைபேசியில், "தம்பி, அதை ஓடக்கூடிய மாதிரி ஆக்கி நீயே வச்சிரு, விக்கிறதெண்டாலும் வில்" என்றார். அப்படித்தான் இந்த விடயம் என் தலையில் வந்தது. மாமா சொன்னது ஒரு வசனம். செய்து முடிக்க ஏழு வாரம் எடுத்தது.

நான் முதலில் போனது அலுவலகத்துக்கு அல்ல, கராஜுக்கு. இதை அழுத்திச் சொல்கிறேன். பலர் நேரே வரி கட்டப் போகிறார்கள். வரிப்பத்திரம் எடுக்க நடப்பிலுள்ள காப்புறுதிச் சான்றிதழும் புகைப் பரிசோதனைச் சான்றிதழும் வேண்டும். வாடகை வான், பஸ், லொறி போன்றவற்றுக்குத் தகுதிச் சான்றிதழும் சேர்த்து. வருடக்கணக்கில் நின்ற வாகனம் புகைப் பரிசோதனையில் சித்தியடைவது சும்மா நடக்காது. இந்தப் பரிசோதனை 2008 இல் மேல் மாகாணத்தில் தொடங்கி, பின்னர் நாடு முழுவதும் கட்டாயமானது. 2008 இல் வன்னி எந்த நிலையில் இருந்தது என்று வாசகர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. அதற்கு முன்னரே நின்றுவிட்ட வாகனங்களின் சொந்தக்காரர்களுக்கு இப்படியொரு பரிசோதனை இருப்பதே புதுச் செய்தி.

எங்கள் மெக்கானிக் அண்ணை செய்த வேலைகளை அப்படியே சொல்கிறேன், மற்றவர்களுக்கும் உதவும். தாங்கியில் கிடந்த பெற்றோலை முழுதாக இறக்கி வீசினார். பழைய பெற்றோல் பிசினாகிக் காபரேற்றரை அடைத்துவிடும். எஞ்சின் ஒயிலை மாற்றினார். திறப்பைப் போட்டு இயக்குவதற்கு முன், பிளக்குகளைக் கழற்றிச் சிலிண்டருக்குள் சில துளி ஒயில் விட்டு, எஞ்சினைக் கையால் சுற்றிப் பார்த்தார். வயர்களை எலி கடித்திருந்தது. பிறேக் சிலிண்டர்கள் இறுகிப்போயிருந்தன. பற்றரி செத்துவிட்டது. ரயர்கள் பார்வைக்கு நல்லாய் இருந்தாலும் ஓரங்களில் வெடிப்பு. நான்கையும் மாற்றச் சொன்னார். பெற்றோல் வாகனத்தில் பரிசோதனை நிலையம் பார்ப்பது காபனோரொட்சைட்டும் எரியாமல் வெளியேறும் ஐதரோகாபனும். டீசல் வாகனத்தில் புகையின் அடர்த்தி. அதனால் காபரேற்றரைத் துப்புரவாக்கி, எயார் பில்ரர் மாற்றி, கொஞ்சத் தூரம் ஓடி எஞ்சின் நன்றாகச் சூடான பிறகுதான் பரிசோதனைக்குக் கொண்டுபோக வேண்டும் என்றார் அண்ணை.

அந்தக் 'கொஞ்சத் தூரம்' எங்கே ஓடுவது என்பது நியாயமான கேள்வி. வரிப்பத்திரம் இல்லாமல் வீதியில் ஓடினால் மறிபடுவீர்கள். பரிசோதனைக்குப் போகாமல் வரிப்பத்திரம் கிடைக்காது. முட்டையா கோழியா கதை. நான் முதலில் காப்புறுதியை எடுத்தேன். மூன்றாம் தரப்புக் காப்புறுதி போதும், செலவும் குறைவு. வீதியில் வரிப்பத்திரம் இல்லாமல் போவதைவிடக் காப்புறுதி இல்லாமல் போவது பல மடங்கு ஆபத்தானது. ஒருவரைத் தட்டிவிட்டால் அந்தக் குடும்பத்துக்கும் உங்கள் குடும்பத்துக்கும் சேர்ந்து நாசம். எஞ்சினை வளவுக்குள்ளேயே வைத்துச் சூடாக்கி, காரைக் கரியரில் ஏற்றிப் பரிசோதனை நிலையத்துக்குக் கொண்டுபோனோம். கரியர் கூலி கொஞ்சம் உறைத்தது. ஆனால் நீதிமன்ற வாசலில் ஒரு நாள் நிற்பதோடு ஒப்பிட்டால் மலிவு. இரண்டாவது தடவையில் சித்தி.

அதற்குப் பிறகுதான் கவுண்டர். வருடாவருடம் ஒழுங்காகப் புதுப்பிக்கிறவர்கள் இப்போது வீட்டிலிருந்தே இணையத்தில் புதுப்பித்துவிடலாம். எங்களுடையதை இணையம் ஏற்கவில்லை, நேரே போகவேண்டியிருந்தது. முதல் நாள் இருந்த உத்தியோகத்தர், புத்தகத்தில் பெயருள்ளவர் நேரில் வரவேண்டும் என்று திருப்பி அனுப்பினார். அடுத்த நாள் வேறொருவர், அதெல்லாம் தேவையில்லை, பழைய வரிப்பத்திரமும் புத்தகப் பிரதியும் காப்புறுதியும் புகைச் சான்றிதழும் போதும் என்றார். சொன்னபடியே நடந்தது. ஒரே கவுண்டரில் இரண்டு நாளில் இரண்டு சட்டம். இப்படி நடந்தால் சண்டை பிடிக்காமல், எந்த ஆவணம் குறைகிறது என்பதை எழுதித் தாருங்கள் என்று அமைதியாகக் கேளுங்கள். பாதி நேரம் அந்த இடத்திலேயே கதை மாறிவிடும்.

நிலுவைக் கணக்கு இப்படித்தான் போடப்பட்டது: கட்டாமல் விட்ட வருடங்களின் கட்டணம், அதற்கு மேல் தாமதத்துக்கான தண்டப்பணம். எங்களுக்கு அதிர்ஷ்டம் அம்மாவின் உருவத்தில் இருந்தது. பாடசாலையில் எழுதுவினைஞராக இருந்து ஓய்வுபெற்றவர் அவர். எந்தக் கடதாசியையும் எறியமாட்டார். 2016 இல் யாரோ சொல்லக் கேட்டு, கார் பாவனையில் இல்லை என்று ஒரு வருடத்துக்குக் கடிதம் கொடுத்திருந்தார். அலுவலக முத்திரையும் திகதியும் பதித்த பிரதி அவருடைய கோவைக்குள் இருந்தது. அந்த வருடம் கணக்கிலிருந்து கழிக்கப்பட்டது. மற்ற வருடங்களுக்குக் கட்டினோம். உத்தியோகத்தர் அந்தப் பிரதியை வாங்கி மறுபக்கம் திருப்பிப் பார்த்துவிட்டு, "எல்லாரும் இப்படிக் கொடுத்தா எங்களுக்கும் பிரச்சினையில்ல" என்றார்.

ஆகவே இப்போது உங்கள் வாகனம் நிற்கிறது, அடுத்த வருடமும் ஓடப்போவதில்லை என்றால், இருக்கிற வரிப்பத்திரம் முடிய முன்னரே அறிவித்தலைக் கொடுங்கள். வாகன இலக்கம், செஸி இலக்கம், எந்தத் திகதியிலிருந்து எந்தத் திகதிவரை பாவிக்க மாட்டீர்கள், எங்கே நிறுத்தப்பட்டிருக்கிறது, ஏன் என்பன இருக்கட்டும். இரண்டு பிரதி கொண்டுபோய் ஒன்றில் முத்திரை வாங்கி வாருங்கள். முத்திரை இல்லாத பிரதியால் பயனில்லை. அந்தக் காலம் முடிந்தால் திரும்பவும் கொடுங்கள். வாய்ச்சொல்லில் 'சரி, பார்ப்பம்' என்றால் வீட்டுக்கு வராதீர்கள். ஏற்கனவே பல வருடம் நிலுவை என்றால், கட்ட முன்னர் தண்டப்பணத்தில் விலக்கு ஏதும் நடப்பில் இருக்கிறதா என்று மாகாணத் திணைக்களத்தில் கேளுங்கள். கொரோனாக் காலத்தில் மாகாணங்கள் தாமதத் தண்டப்பணத்தை விலக்கிக் கால அவகாசம் கொடுத்தன. இடம்பெயர்ந்து வத்தளையிலோ வெள்ளவத்தையிலோ இருந்தபோது கடைசியாக வரி எடுத்தவர்களின் பதிவு மேல் மாகாணத்தில் இருக்கும்; முதலில் அங்கே என்ன நிலுவை என்று அறியுங்கள்.

புத்தகத்தில் யார் பெயர்?

வரியைவிடப் பெரிய சிக்கல் பெயர். எங்கள் ஊர்களில் ஓடுகிற, நிற்கிற வாகனங்களில் எத்தனையோ இன்னும் மூன்றாவது நான்காவது பழைய சொந்தக்காரரின் பெயரில்தான் இருக்கின்றன. வாங்கும்போது 'ஓப்பின் பேப்பர்', அதாவது விற்பவர் கையெழுத்து வைத்து வாங்குபவர் இடத்தை வெறுமையாக விட்ட படிவம். கைமாறிய 14 நாளுக்குள் திணைக்களத்துக்கு அறிவிக்கவேண்டும் என்பது சட்டம். பாதை மூடிக் கிடந்த காலத்தில் யாழ்ப்பாணத்திலிருந்து நாரஹேன்பிட்டிக்குப் போய்ப் பெயர் மாற்றுவது கப்பலேறும் கதை என்பதால் அந்தப் பழக்கம் வேரூன்றியது. பாதை திறந்த பிறகும் பழக்கம் போகவில்லை.

வரி கட்டுவதற்குப் பெயர் பெரிய தடையாக இராது. விற்கப் போனால் தடைதான். சொந்தக்காரர் வெளிநாட்டில் இருந்தால் அங்குள்ள இலங்கைத் தூதரகத்தினூடாக அற்றோணித் தத்துவம் எழுதி அனுப்பச் சொல்லலாம். அதில் வாகன இலக்கமும், விற்கவும் கையொப்பமிடவும் அதிகாரம் உண்டு என்பதும் தெளிவாக இருக்கவேண்டும். 'என் சொத்துகளைப் பராமரிக்க' என்ற பொதுவான வசனம் மட்டும் இருந்த ஒன்றை வைத்துக்கொண்டு என் நண்பன் மூன்று மாதம் அலைந்தான். சமாதான காலத்தில், 2002 க்கும் 2006 க்கும் இடையில், லீசிங்கில் எடுத்த வாகனங்கள் என்றால் புத்தகத்தில் நிதிக் கம்பனி 'முழு உரிமையாளர்' என்று பதிவாகியிருக்கும். கடன் தீர்ந்ததற்கான கடிதத்தைக் கம்பனியிடம் பெற்று அந்தப் பெயரை நீக்காமல் எதுவும் நகராது. திணைக்களத்தின் இணையத்தளத்தில் வாகன இலக்கத்தைக் கொடுத்து விபரங்களைப் பார்க்கலாம். எதற்கும் முதல் வேலையாக அதைச் செய்யுங்கள்.

வன்னியில் விட்டுவந்தவை

2009 இன் முதல் மாதங்களில் பரந்தன் - முல்லைத்தீவு வீதியால் சனம் கிழக்கே நகர்ந்தபோது உழவு இயந்திரங்களும் லொறிகளும் மோட்டார் சைக்கிள்களும் கூடவே நகர்ந்தன. அவை முள்ளிவாய்க்கால்வரை போயின, திரும்பி வரவில்லை. போர் முடிந்து நீண்ட காலம் அந்தப் பக்கத்தில் துருப்பிடித்த வாகனங்கள் மலைபோல் குவிந்து கிடந்ததை மீள்குடியேறியவர்கள் எல்லோரும் கண்டிருப்பார்கள். சிலர் தங்களுடையதை இலக்கத்தகட்டை வைத்து அடையாளம் கண்டார்கள். பெரும்பாலானவை பழைய இரும்பாகிப் போயின.

ஆனால் புத்தகங்கள் தப்பின. இடம்பெயர்வுக்கு இடம்பெயர்வு எங்கள் சனம் சொப்பிங் பையில் சுற்றி மார்போடு கொண்டு திரிந்தவை காணி உறுதி, பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை, வாகனப் புத்தகம். அதனால் இன்று வாகனம் இல்லாத புத்தகம் பல வீடுகளில் இருக்கிறது. திணைக்களத்தின் பதிவேட்டில் அந்த வாகனம் இன்னும் உயிரோடு இருக்கிறது. வரி நிலுவையில் நிற்கும் ஒரு வாகனமாக.

இதனால் என்ன கெடுதி என்று கேட்கலாம். இரண்டு உண்டு. ஒன்று, சொத்து விபரம் கேட்கும் இடங்களில் இந்தப் பதிவு குறுக்கே வரலாம். 2023 இல் தொடங்கிய அஸ்வெசும கொடுப்பனவுக்குக் குடும்பங்களைத் தெரிவு செய்யும்போது சொத்துகளும் பார்க்கப்படுகின்றன. பேப்பரில் மட்டும் இருக்கும் ஒரு லொறியை இல்லை என்று நிரூபிக்கும் வேலை உங்கள் தலையில் விழும். மற்றது இன்னும் மோசமானது. பழைய புத்தகத்தை விலைக்குக் கேட்டு வருகிறவர்கள் இருக்கிறார்கள். வாகனம் வேண்டாம், புத்தகம் மட்டும் போதும் என்பார்கள். அந்த இலக்கமும் செஸி இலக்கமும் களவெடுத்த, அல்லது துண்டு துண்டாகக் கொண்டுவந்து பொருத்திய வேறொரு வாகனத்தில் ஏறும். அது எங்காவது விபத்திலோ கடத்தலிலோ மாட்டினால் பொலிஸ் தேடி வருவது பதிவிலுள்ள பெயரை. கிளிநொச்சியில் ஒரு ஐயா, அழிந்துபோன தன் வானின் புத்தகத்தைச் சில ஆயிரத்துக்குக் கொடுத்துவிட்டு, தெற்கில் ஒரு பொலிஸ் நிலையத்திலிருந்து அழைப்பு வந்து இரண்டு முறை போய் வாக்குமூலம் கொடுத்தார். சிங்களம் தெரியாத மனிதர். பழைய இரும்புக்காரருக்குக் கட்டையை விற்பவர்களுக்கும் இதுதான் சொல்வேன்: இரும்பைக் கொடுங்கள், புத்தகத்தையும் இலக்கத்தகட்டையும் கொடுக்காதீர்கள்.

அழிந்த வாகனத்தின் பதிவை நீக்குமாறு திணைக்களத்துக்கு விண்ணப்பிக்கலாம். வாகனம் இருந்தால் காட்டலாம். இவர்களிடம் காட்ட ஒன்றுமில்லை. நான் கூடப் போன இரண்டு குடும்பங்களும் செய்தது இது: பொலிஸில் முறைப்பாடு, எந்தக் காலப்பகுதியில் எந்த இடத்தில் வாகனம் கைவிடப்பட்டது என்று கிராம அலுவலரின் உறுதிப்படுத்தலும் பிரதேச செயலகத்தின் மேலொப்பமும், சமாதான நீதவான் முன் சத்தியக்கடதாசி, அத்தோடு மூலப் புத்தகம். முறைப்பாட்டின் பிரதி சிங்களத்தில் இருந்தது, சத்தியக்கடதாசி தமிழில். மொழிபெயர்ப்பு கேட்டார்கள். தமிழும் அரசகரும மொழி என்று சொல்லிப் பார்த்தோம். பிறகு காசு கொடுத்து மொழிபெயர்த்தோம். ஒரு குடும்பத்துக்கு நீக்கம் கிடைத்தது. மற்றதற்கு இன்னும் கடிதப் போக்குவரத்து நடக்கிறது.

அந்த மற்றக் குடும்பம் புதுக்குடியிருப்பில் இருக்கிற ஒரு அக்காவுடையது. அவருடைய கணவர் லொறி ஓடியவர். 2009 மே மாதத்துக்குப் பிறகு அவர் எங்கே என்று தெரியாது. லொறி அவருடைய பெயரில். பதிவை நீக்க விண்ணப்பிக்கவேண்டியவர் பதிவுபெற்ற சொந்தக்காரர். அவர் இல்லை என்றால் மரணச் சான்றிதழைக் கொண்டு வாருங்கள் என்றார்கள். அக்கா எழும்பி வெளியே வந்துவிட்டார். "லொறி அழிஞ்சது எண்டு நான் எங்கயும் கையெழுத்து வைப்பன். அவர் செத்தது எண்டு வைக்க மாட்டன்" என்று வாசல் மரத்தடியில் நின்று சொன்னார். பஸ் வரும்வரை வேறொன்றும் கதைக்கவில்லை.

2010 இல் வந்த தற்காலிகச் சட்டம் காணாமற்போனவர்களை இறந்தவர்களாகப் பதியும் வழியை மட்டும்தான் கொடுத்தது. பல குடும்பங்கள் அதை மறுத்தன. 2016 இல் அதைத் திருத்தியபோது, காணாமற்போனவர் என்பதை உறுதிப்படுத்தும் சான்றிதழ் ஒன்று அறிமுகமானது. ஆளை இறந்தவர் என்று சொல்லாமலே அவருடைய சொத்து, கொடுப்பனவு போன்ற விடயங்களைக் குடும்பம் கையாள்வதற்காக வந்தது இது. தேடலையோ விசாரணையையோ இது முடித்துவைப்பதில்லை. காணாமற்போனோர் அலுவலகம் பற்றி எங்கள் அம்மாக்களுக்கு இருக்கும் அவநம்பிக்கையை நான் அறிவேன், அது காரணமில்லாததும் அல்ல. ஆனால் வாகனம், வங்கிக் கணக்கு போன்ற அலுவல்களில் மரணச் சான்றிதழைத் தவிர வேறு வழியே இல்லை என்று எவராவது கவுண்டரில் சொன்னால், அது சரியல்ல என்பதைத் தெரிந்து வைத்திருப்பது நல்லது. பல உத்தியோகத்தர்களுக்கே இந்தச் சான்றிதழைத் தெரியாது. சட்டத்தின் பிரதியைக் கையில் கொண்டுபோவது பயன்படும்.

அக்கா அந்தச் சான்றிதழுக்கு விண்ணப்பித்துப் பெற்றுவிட்டார். அதை இணைத்து, லொறி கைவிடப்பட்ட இடம் பற்றிய கிராம அலுவலரின் கடிதத்தையும் வைத்து, பதிவை நீக்கும் விண்ணப்பத்தைப் பதிவுத் தபாலில் அனுப்பியிருக்கிறோம். புத்தகத்தின் மூலப் பிரதியைத் தபாலில் அனுப்பவில்லை. அது தேவைப்படும்போது நேரில் ஒப்படைத்துப் பற்றுச்சீட்டு வாங்குவதாகக் கடிதத்தில் எழுதியிருக்கிறோம். உங்களிடமும் அப்படியொரு புத்தகம் இருந்தால் முன்பக்கமும் பின்பக்கமும் தெளிவாகப் படம் எடுத்து, வெளிநாட்டிலுள்ள ஓர் உறவினருக்கும் அனுப்பி வையுங்கள்.